மொசாசர் தாடைன்னு 85,000 ரூபாயைப் பிடுங்கிட்டான், யாரும் ஏமாறாதீங்க

ஆத்திரம் அடங்குறதுக்குள்ள எழுதிடணும்னு உட்கார்ந்திருக்கேன். மொசாசர்ங்கிறது எப்பவோ அழிஞ்சுபோன கடல் பிராணி. அதோட கல்லாகிப்போன தாடை, அதாவது ஃபாசில்னு சொல்லித்தான் என் தலையில கட்டினான்.

ஃபாசில், பழைய பொருள் எல்லாம் ஏலம் விடுற ஒரு வெளிநாட்டு ஆன்லைன் தளம். அதுல ஐரோப்பாவுல இருந்து விக்கிற ஒருத்தன். "மொசாசர் கீழ்த்தாடை, மொராக்கோ கூரிப்கா பாஸ்பேட் சுரங்கம், ஆறு பல்லும் ஒரிஜினல், இயற்கைப் பாறையோட". கூரியர், கஸ்டம்ஸ் எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய். ஷோகேஸ்ல வைக்கணும்னு வருஷக்கணக்கா ஆசைப்பட்டுச் சேர்த்த காசு.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி வீடியோ கால்ல வந்தான். தாடையைக் கையில எடுத்து, டேபிள் லைட்டுக்குக் கீழ மெதுவாத் திருப்பித் திருப்பிக் காட்டினான். ஒவ்வொரு பல்லா விரல் வச்சு, பல்லோட மேல்பூச்சான இனாமல்ல ஓடுற கோடுகளையெல்லாம் காட்டினான். "சுரங்கத்துல வேலை செய்யுற குடும்பத்துகிட்ட நானே நேர்ல போய் வாங்கினது, சகோதரா"ன்னான். அந்த ஒரு வார்த்தையிலதான் மனசு இறங்கிடுச்சு. கூடவே உண்மைச் சான்றிதழ் வேற. அதுல கையெழுத்துப் போட்டிருக்கிறதும் அவனேதான்!

பெட்டி வந்ததும் ராத்திரி விளக்கை அணைச்சுட்டு யூவி (புற ஊதா) டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ஒவ்வொரு பல்லோட அடியிலயும் நீலவெள்ளையா ஒரு வளையம் பளிச்சுனு மின்னுது. பசை. பஞ்சுல பசையைக் கரைக்கிற அசிட்டோன் நனைச்சு ஓரமா ஒத்தினா, "இயற்கைப் பாறை" பழுப்புக் குழம்பா இளகி மணல் மணலா உதிருது. ஒரு பல்லுக்கு வேரே இல்லை, மழமழன்னு அறுத்து ஒட்டியிருக்கான். நடுவுல ஒரு பல்லு மட்டும் காளான் தலை மாதிரி உருண்டை. அது சிப்பி, கிளிஞ்சல் உடைச்சுத் தின்ன குளோபிடென்ஸ்ங்கிற வேற மொசாசர் வகையோடது! தாடைன்னு சொன்னது ஏதேதோ எலும்புத் துண்டுகளை வரிசையா ஒட்டினது.

கூரிப்கா பக்கம் அந்தப் பாஸ்பேட் படிவுல மொசாசரோட தனிப் பல்லு ஏராளமாக் கிடைக்குது, விலையும் கம்மி. 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி அழிஞ்சுபோன கடல் பிராணி அது. பல்லு முளைச்சு விழுந்து, மறுபடி முளைச்சுக்கிட்டே இருக்கும். முழுத் தாடைதான் அபூர்வம். அதனால பல்லைப் பொறுக்கி, பாஸ்பேட் மணலைப் பசையில குழைச்சு, தாடையை "உருவாக்குறாங்க". இதுல ஆராய்ச்சிக்காரங்களுக்கே தலைவலி இருக்கு. 2021ல ஜீனோடென்ஸ்னு புது இனமா அறிவிச்ச மொராக்கோ தாடையைப் பத்தி, 2024ல வேற ஆய்வாளர்கள் இது போலியா இருக்கலாம், சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்கணும்னு எழுதினாங்க. காரணம், மொசாசர்ல ஒரு பல்லுக்கு ஒரு குழி. அந்தத் தாடையில ஒரே குழியில ரெண்டு பல்லு இருந்துச்சு.

விக்கிறவன்கிட்ட போட்டோ அனுப்பினேன். "சின்ன ரிப்பேர் எல்லா ஃபாசில்லயும் இருக்கும்"னு பதில். உடைஞ்ச எலும்பை ஒட்டுறது ரிப்பேர். இல்லாத தாடையைச் செய்யுறதுக்குப் பேர் ரிப்பேரா? அப்புறம் "அசிட்டோன் போட்டு நீங்கதான் பொருளைக் கெடுத்துட்டீங்க"ன்னு என் தலையிலயே கட்டினான். தளத்துல புகார் கொடுத்தா, முதல்ல நிபுணர் கடிதம் கேட்டாங்க. அலைஞ்சு வாங்கி அனுப்பினா, ரிட்டர்ன் காலம் முடிஞ்சிடுச்சாம். கடிதம் கேட்டு இழுத்தடிச்சதே அவங்கதானே! பேங்க்ல கேட்டா "பொருள் வந்து சேர்ந்துடுச்சே சார்"ங்கிறாங்க. 85,000 ரூபாய், கேட்க நாதியில்லை.

விரிவா எழுதலாம்னுதான் நினைச்சேன், இப்போ முடியல. இது மட்டும்: பல்லு வரிசையாப் பளபளன்னு, பாறை ஒரே நிறத்துல சீரா இருந்தா வாங்காதீங்க. பின்பக்கம், அடிப்பக்கம், யூவி வெளிச்சத்துல எடுத்த போட்டோ கேளுங்க, தர மறுத்தா விட்டுடுங்க. விக்கிறவனே எழுதின சான்றிதழை நம்பாதீங்க. பெட்டி வந்த அன்னிக்கே சோதிச்சு, அன்னிக்கே புகாரைப் பதிவு பண்ணுங்க. அந்த 85,000 ரூபாய்க்கு நுகர்வோர் புகார் எழுதிக்கிட்டிருக்கேன், விடப்போறதில்லை.