கட்டட வேலைக்குப் பாதுகாப்புச் சாமான்: எதில் காசு போடலாம், எதில் மிச்சம் பிடிக்கலாம்

சென்ட்ரிங் பிரித்த அன்று சாயங்காலம் தளத்துக்கு அடியில் கிடக்கும் பலகைகளைப் பாருங்கள். இரண்டரை அங்குல ஆணிகள் தலைகீழாக நின்றுகொண்டிருக்கும். அங்கே ரப்பர் செருப்போடு நடப்பவருக்கும், முன்னால் இரும்புத் தொப்பி வைத்த ஷூ போட்டு நடப்பவருக்கும் ஆணி விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. தொப்பி விரலைத்தான் காக்கும், ஆணி ஏறுவதோ உள்ளங்காலில். மதுரை மாரட் வீதி, வெளி வீதிப் பக்கம் கடையில் போய் வெறுமனே "சேஃப்டி ஷூ" என்று கேட்டால், தொப்பி மட்டும் உள்ள ஜோடிதான் முதலில் மேசைக்கு வரும். ஆணியைத் தடுக்க அடிப்பாகத்துக்குள் வைக்கும் அடித்தகடு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

ஷூவில் பார்க்க வேண்டியது ஐ.எஸ். 15298 என்ற இந்தியத் தர எண்ணும், அதன் பக்கத்தில் உள்ள பகுதி எண்ணும். பகுதி 2 என்றால் தொப்பி 200 ஜூல் அடி தாங்கும். 20 கிலோ சாமான் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் அடி என்று வைத்துக்கொள்ளலாம். பகுதி 3 அதில் பாதி. பகுதி 4-இல் தொப்பியே கிடையாது. வெளிப்பார்வைக்கு மூன்றும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். ஷூவில் அச்சிட்ட எஸ்1 என்ற ரகக் குறிக்குப் பின்னால் "பி" என்ற எழுத்து இருந்தால் அடித்தகடு உண்டு.

அடித்தகட்டிலும் இரண்டு ரகம். இரும்புத்தகடு கனம், விறைப்பு, சாரத்தில் ஏறும்போது கால் வளையாது. நெய்த துணித்தகடு இலகுவாக வளையும், உள்ளங்கால் முழுவதையும் மூடும். ஆனால் வழக்கமான சோதனை 4.5 மி.மீ. தடிமன் ஆணியை வைத்துச் செய்வது. நம் சென்ட்ரிங் ஆணி சுமார் 3 மி.மீ.தான், மெல்லிய ஆணி நெசவை விலக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடும். ஆகவே சென்ட்ரிங் ஆட்களுக்கும் கம்பி கட்டுபவர்களுக்கும் இரும்புத்தகடு. டைல்ஸ், எலக்ட்ரிகல், பெயின்ட் வேலைக்குத் துணித்தகடு தாராளம். தகடு இருந்தும் ஆணி ஏறிவிட்டால் அன்றைக்கே டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி.

அடிப்பாகம் பி.வி.சி. என்றால் விலை குறைவு, நனைந்த டைல்ஸில் வழுக்கும். பி.யு. (பாலியூரித்தேன் நுரை) இலகு, நாள் முழுக்க நிற்பவருக்கு நல்லது. அதில் ஒரே வில்லங்கம், ஈரப்பதத்தில் தானாக மக்கும் குணம். கடைக் கிடங்கில் மூன்று நான்கு வருஷம் கிடந்த ஜோடி பார்க்கப் புதிதாக இருக்கும். போட்ட இரண்டாம் வாரம் அடிப்பாகம் அடை மாதிரி பிய்ந்து விழும். தயாரித்த மாதம் நாக்கின் உள்பக்கமோ அடியிலோ இருக்கும், அதைப் படித்துவிட்டு வாங்குங்கள். வெல்டருக்கு இரண்டும் வேண்டாம், ரப்பர் அடிதான் சூடு தாங்கும். சாயங்காலம் போய் அளவு பாருங்கள். காலையில் சரியாக இருந்த ஷூ, நாலு மணிக்கு வீங்கிய காலைக் கடிக்கும்.

கான்கிரீட் போடும் நாளில் மட்டும் தோல் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு கம்பூட்ஸ். தோல் சிமெண்ட் தண்ணீர் குடித்தால் காய்ந்ததும் வெடிக்கும். பேன்ட்டைப் பூட்ஸுக்குள் சொருகுவதுதான் வழக்கமான தப்பு. கலவை உள்ளே வழிந்து காலோடு ஒட்டி நிற்கும், வேலை மும்முரத்தில் இரண்டு மணி நேரம் தெரியவே தெரியாது. பேன்ட் வெளியே தொங்கட்டும்.

கையுறைக்கு வருவோம். ஈரச் சிமெண்டின் காரத்தன்மை பி.ஹெச். 12-க்கு மேல். முதலில் வலிக்காது, அதுதான் அதன் சூது. கொத்தனாரின் விரலிடுக்கு வெடிப்பதற்குக் காரத்தோடு சிமெண்டில் உள்ள குரோமியமும் காரணம். குரோமிய ஒவ்வாமை ஒருமுறை பிடித்தால் பிறகு கொஞ்சம் சிமெண்ட் பட்டாலே புண்ணாகும்.

இதற்குத் தோல் கையுறை வாங்குவது வெறுங்கையை விட மோசம். தோல் சிமெண்ட் நீரை உறிஞ்சி, கையோடு சேர்த்து வைத்துக் கட்டின மாதிரி ஆகிவிடும். புள்ளி வைத்த நூல் கையுறையும் அப்படியே. பூச்சுக்கும் செங்கல் கட்டுக்கும் உள்ளங்கையில் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரில் முக்கியெடுத்த நெசவுக் கையுறை போதும். கரண்டிப் பிடி கைக்குள் நிற்கும். கலவையில் கை விட்டு அள்ளுகிற சித்தாள், நிமிந்தாளுக்கு அது போதாது, புறங்கைத் துணி வழியே நனையும். அவர்களுக்கு முழங்கை வரை ரப்பர். கம்பி வேலைக்குத் தோல் நல்லது; கட்டுக்கம்பி முனை நெசவுக்குள் நுழையும், தோலில் லேசில் நுழையாது. சுற்றும் டிரில் பிட்டுக்குப் பக்கத்தில் தளர்ந்த கையுறை எதுவுமே ஆகாது, நூல் சிக்கினால் விரலும் போகும்.

சிமெண்ட் பட்டு எரிந்தால் தேங்காய் எண்ணெய் தடவுவது நம் ஊர் வைத்தியம். முதலில் ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடமாவது கழுவுங்கள். கொப்புளமோ புண்ணோ கண்டால் ஆஸ்பத்திரி.

டைல்ஸ், கிரானைட் அறுப்பவருக்குத் தூசிதான் எதிரி. மேலூர், கீழவளவுப் பக்கத்துக் கல்லானாலும் சமையல் மேடைக்குப் போடும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகையானாலும் உள்ளே இருப்பது நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா. செயற்கைக் குவார்ட்ஸில் 90 சதவீதம் வரை போகும். முகத்தில் கட்டும் துண்டுக்கு அந்த நுண்தூசியைத் தடுக்கும் வேலை தெரியாது, பச்சை நிற ஆஸ்பத்திரி மாஸ்க்குக்கும் தெரியாது. எஃப்.எஃப்.பி.2 ரகம் 94 சதவீதம் வடிகட்டும், அதுவும் முகத்தோடு ஒட்டினால்தான். காதில் மாட்டும் ரகத்தை விடத் தலைக்குப் பின்னால் இரண்டு பட்டி போகும் ரகம் நன்றாக ஒட்டும். தாடி இருந்தால் எதுவும் ஒட்டாது. தினம் கல் அறுப்பவருக்கு, கழற்றி மாற்றும் வடிகட்டி உள்ள ரப்பர் அரைமுக மாஸ்க் வருஷக் கணக்கில் மலிவு.

ஆனால் மாஸ்க்கில் போடும் காசில் பாதியைத் தண்ணீரில் போட்டால் பலன் அதிகம். பிளேடு மேல் தண்ணீர் சொட்டினாலே தூசியில் பெரும்பகுதி சேறாகிக் கீழே இறங்கும். தண்ணீரும் கரண்டும் சேரும் இடம் என்பதால் கரண்ட் கசிந்தால் உடனே லைனை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உள்ள லைனில்தான் மெஷின் ஓட வேண்டும்.

பெயின்டருக்குத் தூசி மாஸ்க் தின்னர் வாசனையை நிறுத்தாது. கரிம ஆவிக்கான, பழுப்பு நிறப் பட்டை போட்ட கார்ட்ரிட்ஜ் வேண்டும். சுவர்ப் பட்டியைத் தேய்க்கும்போது தூசி வடிகட்டி, ஸ்ப்ரே அடிக்கும்போது அதோடு கார்ட்ரிட்ஜும்.

இனி பெல்ட். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட், உடல் முழுக்கப் பிணைக்கும் ஹார்னஸ் என இரண்டும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். விழும்போது இடுப்புப் பெல்ட் மொத்த இழுப்பையும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் வாங்கும். ஆள் தலைகீழாகவும் நழுவலாம். விழுந்தால் பிடிக்கும் வேலைக்கு அது சாமானே இல்லை. ஹார்னஸில் மிச்சம் பிடிக்க இடமில்லை, ஐ.எஸ். 3521 முத்திரையோடு வாங்குங்கள்.

வாங்கினால் மட்டும் முடிந்துவிடாது, கணக்கு ஒன்று இருக்கிறது. கயிறு 6 அடி. கயிற்றோடு தைத்து வரும், அதிர்ச்சி தாங்கும் பொட்டலம் பிரிந்தால் இன்னும் கிட்டத்தட்ட 6 அடி. முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 5 அடி. கீழே 3 அடி இடைவெளி. ஆக, கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே 20 அடி வெற்றிடம் வேண்டும். கே.கே. நகரிலோ திருநகரிலோ மாடி வீட்டின் முதல் தளம் 10 அடி உயரம். அந்த விளிம்பில் நின்று காலடியில் கொக்கி மாட்டியவர், பொட்டலம் முழுதாகப் பிரியும் முன்பே தரையைத் தொட்டுவிடுவார். அங்கே ஹார்னஸ் மேல் நம்பிக்கை வைப்பதைவிட, மூன்றரை அடி உயரத்துக்கு விளிம்பில் தடுப்புக் கட்டுவது மேல். இல்லையென்றால் கயிற்றை விளிம்புக்கே எட்டாத நீளத்தில் கட்டுங்கள்.

கொக்கியைச் சவுக்குச் சாரத்தில் மாட்டுவது இன்னொரு வழக்கம். சாரமே சரிந்தால் ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கான்கிரீட் தூண் அல்லது உத்தரத்தைச் சுற்றிக் கட்டிய பட்டைதான் சரியான பிடி, அதுவும் தலைக்கு மேலே. தொடைப் பட்டிக்குள் விரித்த கை நுழைய வேண்டும், மூடிய முஷ்டி நுழையக்கூடாது. இரட்டைக் கயிறு வாங்கினால் இடம் மாறும்போது ஒன்றை மாட்டிவிட்டு மற்றதைக் கழற்றலாம். ஒற்றைக் கயிற்றில் அந்த நாலு விநாடி பிடியில்லாமல் போகிறது. ஒருமுறை விழுந்து இழுத்த ஹார்னஸைக் கையோடு வெட்டிப் போடுங்கள். மூலையில் வைத்தால் அடுத்த மேஸ்திரி எடுத்துக் கட்டுவார்.

ஹெல்மெட்டில் பெரிய குழப்பம் இல்லை. ஐ.எஸ். 2925 எண் வேண்டும். பைக் ஹெல்மெட்டின் எண் 4151, அது வேறு வேலைக்கு. ஹெச்.டி.பி.இ. பிளாஸ்டிக் ஓடு மலிவு, மதுரை வெயிலில் வெளுத்து நொறுங்கும். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் ஓடு கொஞ்சம் அதிகம் உழைக்கும். ஹெல்மெட்டை இரண்டு கையாலும் அமுக்கிப் பாருங்கள், கிறீச் சத்தமோ மயிரிழை விரிசலோ தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். காற்றுத் துளை உள்ளது சித்திரை வெயிலுக்கு இதம், எலக்ட்ரீஷியனுக்கு ஆகாது. பின்பக்கத் திருகு உள்ளதற்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். குனிந்தால் விழும் ஹெல்மெட்டை யாரும் போடமாட்டார்கள். உயரத்தில் தாடைப்பட்டி கட்டாயம்.

தீராத சிக்கல் சும்மாடு. தலையில் சாந்துச் சட்டி சுமக்கும் பெண்ணுக்கு ஹெல்மெட் போட முடியாது. ஹெல்மெட் மேல் சட்டி வைத்தால் கழுத்துத்தான் போகும். கலவைக்கு லிஃப்ட் அல்லது தள்ளுவண்டி வைத்துத் தலைச்சுமையையே எடுத்துவிடலாம். முடியாத இடத்தில் சுமை போகும் பாதைக்கு மேலே அந்த நேரம் யாரும் வேலை செய்யக்கூடாது.

உடுப்பில் மிச்சம் பிடிக்கலாம். முழுக்கை பருத்திச் சட்டை போதும், சேலைக்கு மேல் ஆண் சட்டை போட்டுக்கொள்ளும் சித்தாள்களின் பழக்கமே நல்ல உடுப்பு. வெல்டருக்கு மட்டும் பாலியஸ்டர் கூடாது, உருகித் தோலில் ஒட்டும். சாரத்திலும் கட்டிங் மெஷினிடமும் கைலி வேண்டாம். பளபளப்புப் பட்டை ஜாக்கெட் வலைத்துணியில் மலிவானதே சரி. பக்கவாட்டுத் தடுப்பு உள்ள தெளிவுக் கண்ணாடியை மலிவு ரகத்தில் ஒன்றுக்கு இரண்டாக வாங்கிவையுங்கள். கீறல் விழுந்ததை யாரும் போடுவதில்லை.

பணம் கொடுக்கும் முன் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணைப் பாருங்கள். போனில் இந்தியத் தர அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அடித்தால் கம்பெனி பெயரும் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பதும் வரும். ஷூவுக்கான உரிம எண் ஹெல்மெட்டில் அச்சாகி வருவதும் உண்டு, பொருளின் பெயரையும் சேர்த்துப் படியுங்கள்.