அரசு மருத்துவமனையில் எம்.டி. எமர்ஜென்சி மெடிசின்: மூன்று வருடம் படித்த பிறகு

மருத்துவ மேற்படிப்பு இடங்களுக்கான நீட் பி.ஜி. கவுன்சலிங் நெருங்கும்போதெல்லாம் ஜூனியர்கள் போன் செய்து கேட்பது ஒன்றுதான்: "அக்கா, அங்கே கேஸ் நிறைய வருமா?" வரும். தமிழ்நாட்டில் பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எதுவானாலும் அதில் சந்தேகம் வேண்டாம். எமர்ஜென்சி மெடிசின், அதாவது அவசர சிகிச்சை, சீட்டை எடுப்பதற்கு முன் நானும் அதை மட்டும்தான் விசாரித்தேன். இப்போது படிப்பை முடித்து பாண்டு சர்வீஸில், அதாவது படிப்புக்குப் பிறகான கட்டாய அரசுப் பணியில் இருக்கிறேன். விசாரித்திருக்க வேண்டியது வேறு என்று புரிகிறது. ஊர் பெயரும் மருத்துவமனை பெயரும் வேண்டாம். குறைகளையும் சொல்லப் போகிறேன். அங்கே இன்னும் வேலை செய்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

நெடுஞ்சாலை விபத்து, பூச்சிமருந்து, பாம்புக்கடி, மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் ஒரே இரவில் வரும். 108 வண்டியில் இருந்து முன்கூட்டியே போன் வந்துவிடும். வாசலில் ட்ரையாஜ் சிஸ்டர் பார்த்து எவ்வளவு அவசரம் என்பதை வைத்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து அனுப்புவார். சிவப்புதான் மிக அவசரம். தமிழ்நாடு அரசின் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டமான டி.ஏ.இ.ஐ. வந்தபின் அமைந்த முறை இது. அதற்கு முந்தைய காஷுவாலிட்டியைப் பார்த்த சிஸ்டர்கள், ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போட்டு வார்டுக்கு அனுப்புவதுதான் அப்போது பாதி வேலை என்பார்கள். முதல் வருடம் முடிவதற்குள் இன்ட்யூபேஷன் (மூச்சுக்குழாயில் குழாய் போடுவது), சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாயில் குழாய் போடுவது), ஐ.சி.டி. (நெஞ்சுக்கூட்டில் குழாய் போடுவது) எல்லாம் கை பழகிவிடும். ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்து குடித்தவருக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதன் மாற்று மருந்தான அட்ரோபினை இரட்டிப்பாக்கிக்கொண்டே போய், நெஞ்சில் கரகரப்பு அடங்கும்வரை ஸ்டெத்தை எடுக்காமல் நிற்க வேண்டும். புத்தகத்தில் அது ஒரு பத்தி. அங்கே இரவு முழுக்க அதுதான். வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் அந்த மருந்து வாடை போகாது.

கை பழகுவதில் குறையே இல்லை. ஆனால் கை பழகிய அளவுக்கு நான் டாக்டராகிவிட்டேனா என்ற கேள்வி இரண்டாம் வருட மழைக்காலத்தில் வந்தது.

விடியற்காலை நாலு மணிக்கு ஒருவர் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். வயிற்று வலி, தொண்டையில் ஏதோ அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றார். பச்சைப் பிரிவு. அசிடிட்டிக்கான பேன்டோபிரசோல் ஊசி எழுதிவிட்டு சிவப்புப் பிரிவுக்கு ஓடினேன். அரைமணி நேரம் கழித்து சிஸ்டர் தேடி வந்தார். "மேடம், அந்தப் பொண்ணு கண்ணைத் திறக்கவே சிரமப்படுது. தூக்கக் கலக்கம் மாதிரி தெரியலை, வந்து பாருங்க." போனால் இரண்டு இமையும் சரிந்திருந்தன. எங்கே படுத்திருந்தார்கள் என்று அப்போதுதான் கேட்டேன். "தரையிலதான் டாக்டரம்மா, கரண்ட் இல்லாததால வாசல்கிட்ட பாய் போட்டோம்" என்றார் கணவர். கட்டுவிரியன். கடித்த தடம் தேடியும் கிடைக்கவில்லை. அதன் பல் சிறியது. தூங்குகிறவருக்குக் கடித்ததே தெரியாமல் போகலாம். 10 குப்பி விஷமுறிவு மருந்தைக் கரைத்து ஏற்ற ஆரம்பிக்கும்போதே மூச்சு தளர்ந்துவிட்டது. குழாய் போட்டு வென்டிலேட்டரில் சேர்த்தோம்.

காலையில் உதவிப் பேராசிரியர் வந்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இந்தம்மா வீட்டுக்குப் போகிற வரைக்கும் தினமும் ஐ.எம்.சி.யூ.வுக்கு (தீவிர சிகிச்சைப் பிரிவு) போய்ப் பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லு" என்றார், அவ்வளவுதான். போனேன். இரண்டாம் நாள் கை கால் அசையவில்லை, கண்பாவை வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை. "உயிர் இருக்கா டாக்டரம்மா?" என்று அவர் அம்மா கேட்டார். கட்டுவிரியன் விஷம் நரம்பு முனையையே சிதைக்கிறது. சிதைந்ததை விஷமுறிவு மருந்து திருப்பிக் கொண்டுவராது, முனை மறுபடி வளரும்வரை வென்டிலேட்டரில் காத்திருக்க வேண்டும். உள்ளே அவருக்கு எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். படித்திருந்தேன். ஆனால் அந்த அம்மாவிடம் நின்று சொன்னபோதுதான் எனக்கே அது உறைத்தது. ஐந்தாம் நாள் விரல் அசைந்தது. பிறகு நடந்தே வீட்டுக்குப் போனார். விடியற்காலை வயிற்று வலி என்று வருகிறவரிடம் எங்கே படுத்திருந்தீர்கள் என்று கேட்காமல் நான் அதற்குப் பிறகு விட்டதில்லை.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் துறையில் நோயாளி நம்மிடம் இருப்பது சில மணி நேரம். அதற்குப் பிறகு என்ன ஆனார் என்று தேடிப் போகாவிட்டால், நாம் செய்தது சரியா தவறா என்று தெரியாமலே மூன்று வருடத்தையும் ஓட்டிவிடலாம். எலி பேஸ்ட் சாப்பிட்டு வருகிறவர் முதல் நாள் நன்றாகப் பேசுவார், தண்ணீர் கேட்பார். அதில் உள்ள மஞ்சள் பாஸ்பரஸ் கல்லீரலைக் கெடுப்பது பெரும்பாலும் அடுத்த சில நாட்களில்தான் வெளியே தெரியும். முதல் வருடத்தில் அப்படி ஒரு கல்லூரிப் பையனின் அப்பாவிடம் "பயப்படாதீங்க" என்று சொல்லி வார்டுக்கு அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து வேறு வேலையாகப் போனபோதுதான் அவன் இறந்தது தெரிந்தது. அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. யாரும் வந்து சொல்லவில்லை என்பதால் அதற்குள் இன்னும் எத்தனை பேரிடம் அதே வார்த்தையைச் சொல்லியிருப்பேன் என்று இன்றும் நினைக்கிறேன்.

அந்த உதவிப் பேராசிரியர் சனிக்கிழமை தோறும் ஒரு மணி நேரம் உட்கார வைப்பார். அந்த வாரம் சிவப்புப் பிரிவில் இருந்து போனவர்களில் பத்து பேர் என்ன ஆனார்கள் என்று ஐ.பி. நம்பரோடு (உள்நோயாளி எண்) சொல்ல வேண்டும். என் மூன்று வருடப் படிப்பில் பாதி அந்த ஒரு மணி நேரம்தான். மூன்றாம் வருடத் தொடக்கத்தில் அவருக்கு டிரான்ஸ்பர் வந்தது. கூட்டம் நின்றுபோனது. நாங்கள் மூன்று பேர் ஒரு நோட்டுப் போட்டு முடிந்தவரை தொடர்ந்தோம். நல்ல விஷயம் ஒன்று ஒரே ஒருவரை நம்பி நடந்தது என்பதுதான் அந்தப் பயிற்சியின் பெரிய குறை. இந்தியாவில் எமர்ஜென்சி மெடிசின் தனித்துறையாக அங்கீகாரம் பெற்றதே 2009இல்தான். அதனால் பேராசிரியர்கள் பலரும் மெடிசினில் இருந்தோ சர்ஜரியில் இருந்தோ அனஸ்தீஷியாவில் இருந்தோ வந்தவர்கள். திறமைசாலிகள். ஆனால் இந்தத் துறையை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பது இன்னும் உருவாகிக்கொண்டுதான் இருக்கிறது.

அடுத்த குறை, இடம் கிடைக்காமல் காத்திருப்பது. தலையில் ரத்தக்கசிவு, தொடை எலும்பு முறிவு, வயிற்றிலும் அடி என்று ஒருவர் வருவார். மூன்று துறையும் வந்து பார்க்கும். எங்கள் தரப்பில் உடனடியாகச் செய்ய ஒன்றுமில்லை என்று மூவரும் எழுதிவிட்டுப் போவார்கள். எந்த யூனிட் பெயரில் அட்மிஷன் என்று முடிவாவதற்குள் விடிந்துவிடும். அதுவரை பி.ஜி. மாணவர்தான் அவருக்கு எல்லாமும். நோயாளிக்கு இது அநியாயம். பேசித் தீர்க்க முடிகிற விஷயம் என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

வேலை நேரம் மற்ற துறைகளைவிட நல்லது, ஷிப்ட் முறை. சாதாரணமாகத் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் ரெசிடென்ட் டாக்டர் (படித்துக்கொண்டே பணிபுரிபவர்) வேலை செய்யக் கூடாது என்று மத்திய அரசின் 1992 ரெசிடென்சி விதியே சொல்கிறது. எங்களுக்கு ஓரளவு அது நடந்தது. பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஓய்வறைக்கு முதலில் உள்தாழ்ப்பாள் இல்லை. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பணியில் இருந்த பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட பிறகுதான் தாழ்ப்பாள் வந்தது.

மாவட்டப் பயிற்சி என்று மூன்று மாதம் சின்ன அரசு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். பலர் அதை விடுமுறையாக நினைக்கிறார்கள். எனக்கு அங்கேதான், "இதைக்கூடப் பார்க்காமல் ரெஃபர் பண்ணிட்டாங்க" என்று பெரிய மருத்துவமனையில் நாங்கள் சலித்துக்கொண்டதற்காக வெட்கமாக இருந்தது. இரவில் லேப் இல்லை. பாம்புக்கடிக்கு ஒரு புதுக் கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று சாய்த்துப் பார்ப்பதுதான் பரிசோதனை. சோப்பு போட்டுக் கழுவிய குழாய் என்றால் முடிவே தவறிவிடும். அதைக் காட்டிக்கொடுத்தவர் ஓய்வுபெறப் போகிற ஒரு சிஸ்டர்.

சரி, சீட்டை எடுக்கலாமா? எடுங்கள். நான் மறுபடியும் அதே இடத்தைத்தான் எடுப்பேன். அதற்கு முன் ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்குப் போய் ஒரு மணி நேரம் நில்லுங்கள். அந்த நேரத்தில் பி.ஜி. பக்கத்தில் சீனியர் டாக்டர் யாராவது இருக்கிறாரா, அல்ட்ராசவுண்ட் மெஷின் சிவப்புப் பிரிவில் இருக்கிறதா, பூட்டிய அறையில் இருந்தால் சாவி யாரிடம் என்று பாருங்கள். அப்புறம் இரண்டாம் வருடத்தில் இருப்பவரைப் பிடித்து, போன வாரம் நீங்கள் குழாய் போட்ட நோயாளி இப்போது எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். அவருக்குப் பதில் தெரிந்தால் அந்த இடத்தை முதல் சாய்ஸாகப் போடுங்கள்.