திண்ணையிலிருந்தே வென்றவரின் வீடு: மாரியன் நகர ஹார்டிங் இல்லம்

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், கொலம்பஸிலிருந்து காரில் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள மாரியன் நகருக்கு முன்னாள் அமெரிக்க அதிபர் வாரன் ஹார்டிங்கின் இல்லத்தைக் காணச் செல்பவர்கள், முகப்பைப் படமெடுத்த கையோடு உள்ளே நுழைந்துவிடாமல், முதலில் கொல்லைப்புறத்துச் சிறு மரவீட்டைப் பார்ப்பது நல்லது. 1920ஆம் ஆண்டு அதிபர் தேர்தலின்போது நிருபர்கள் உட்கார்ந்து எழுதுவதற்காக, சியர்ஸ் நிறுவனத்திடம் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய வீடு அது. நிருபருக்கு என்ன தேவை என்பதை ஹார்டிங்குக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இருபது வயது நிறையாத இளைஞராக, 1884இல், இரு நண்பர்களுடன் சேர்ந்து, நொடித்துக் கிடந்த 'மாரியன் ஸ்டார்' இதழை 300 டாலருக்கு வாங்கியவர் அவர். நண்பர்கள் விலகிய பின்னும் அவர் விடவில்லை. 1891இல் இதே வீட்டில் அவரை மணந்த ஃபுளோரன்ஸ், விநியோகத்தைக் கையிலெடுத்து, பத்திரிகை போடும் பையன்களை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்; அப்பையன்களில் ஒருவரான நார்மன் தாமஸ் பிற்காலத்தில் சோஷலிஸ்ட் கட்சியின் சார்பில் ஆறு முறை அதிபர் தேர்தலில் நின்றார் என்பது தனிக்கதை. அச்சுக்கோக்கத் தெரிந்த முதலாளியான ஹார்டிங், அச்சகத்து உலோகப் பட்டையொன்றை ராசிப் பொருளாகச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.

வீட்டினுள் வழிகாட்டியுடன் அறை அறையாகச் செல்லலாம். பொருள்களில் பெரும்பாலானவை அத்தம்பதியர் புழங்கியவையே. ஆனால் நான் அதிக நேரம் நின்றது, பச்சை வண்ண வீட்டின் ஒரு கோடியில் வட்டமாக வளைந்து முடியும் அந்த மரத்திண்ணையில்தான். ஊர் ஊராக அலைவதைக் குறைத்துக்கொண்டு, இங்கே நின்றபடியே அவர் பேச, கேட்க வந்தவர்கள் ஆறு லட்சம் பேருக்கு மேல். எதிர்த்து நின்ற ஜேம்ஸ் காக்ஸும் அதே ஓஹையோவின் பத்திரிகை அதிபர்தான். ஆயினும் தமது 55ஆவது பிறந்தநாளான நவம்பர் 2 அன்று ஹார்டிங் 60 சதவீத வாக்குகளுடன் வென்றார்.

பத்திரிகையாளரை அரவணைக்கத் தெரிந்தவருக்கு அமைச்சரைக் கண்காணிக்கத் தெரியவில்லை. எண்ணெய் வயல் குத்தகை ஊழலில் அவருடைய உள்துறை (அங்கே அரசு நிலங்களைக் கவனிக்கும் துறை) அமைச்சர் ஆல்பர்ட் ஃபால் பின்னாளில் சிறை சென்றார். ஹார்டிங்கோ, 1923இல் இதழை விற்ற சில வாரங்களில், பதவியில் இருக்கும்போதே இறந்தார்.

ஊரிலேயே இருக்கும் அவரது வெண்பளிங்குக் கல்லறை கம்பீரமானதுதான். நேரம் போதாவிட்டால் அதை அரை மணியில் முடித்துக்கொண்டு, மிச்சத்தை நிருபர் வீட்டுக்கு ஒதுக்குங்கள்.