உறுமி மேளமா, ராப்பா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் இசைப் பைத்தியம் பிடித்த பையன்களுக்கு இரண்டு வழி. உறுமி மேளம் என்றால் திருவிழா, கல்யாணம் என்று கையில் உடனே வெள்ளி (ரிங்கிட்). ஆனால் லாரி வாடகை, பத்துப் பேர் சாப்பாடு என்று பாதி கரைந்துவிடும். ராப்புக்கு ஒரு மைக்கும் கணினியும் போதும். காசுதான் லேசில் வராது.

ஆனால் ராப் போகும் தூரம் வேறு. மலேசிய ராப் பாடகர் யோகி பியும் நட்சத்திரா குழுவும் 2006இல் ‘வல்லவன்’ ஆல்பத்தை வெளியிட்டபோது தோட்டத்துத் தமிழுக்கும் ஒரு மிடுக்கு வந்தது. 2017இல் அனிருத் இசையில் ‘விவேகம்’ படத்திலும் யோகி பியின் குரல் ஒலித்தது. உறுமி இன்னும் கோயில் வாசல்தான் (சாமி வரவழைக்க அதை விட்டால் வேறென்ன இருக்கிறது, சொல்லுங்கள்).

எங்கள் தம்பி உறுமி அடித்த காசில்தான் மைக் வாங்கினான்.