அம்பாசமுத்திரம் ரோட்டு நர்சரியும் எங்கள் வீட்டுப் பிச்சியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டை, திருநெல்வேலி பக்கம் இருப்பவர்கள் வீட்டுக்குப் பூச்செடி வாங்குவதாக இருந்தால், மேலப்பாளையம், முன்னீர்பள்ளம் தாண்டி அம்பாசமுத்திரம் ரோட்டில் இருக்கும் இந்த நர்சரிக்கு ஒருமுறை போய்விட்டு வாருங்கள். பெயர்ப் பலகை கிடையாது. ரோட்டோரம் ஆள் உயரத்துக்கு மேல் செவ்வரளி பூத்து நிற்கும், அதற்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, கொட்டகைக்கு இரண்டு பக்கமும் வெட்டவெளியில் கறுப்புப் பைகளில் செடிகள். 2023 சித்திரையிலிருந்து அங்கேதான் வாங்குகிறேன். இதுவரை 17 செடி. அதில் 15 இன்றைக்கும் பூத்துக்கொண்டிருக்கின்றன. போன இரண்டும் எப்படிப் போனது என்பதைப் பிறகு சொல்கிறேன், அதில் நர்சரிக்காரர் தப்பு எதுவும் இல்லை.

இதற்கு முன்னால் நான் வாங்கிய இடம் வேறு. பெரிய கடை, பச்சை வலைப் பந்தல், உள்ளே நுழைந்தாலே குளுகுளுவென்று இருக்கும். ஆறு ரோஜாச் செடி, ஒவ்வொன்றிலும் கை அகலப் பூ, பார்த்ததும் வாங்கிவிட்டேன். மொட்டை மாடியில் வைத்த பத்தாவது நாள் இலையெல்லாம் உதிர்ந்து குச்சிதான் மிச்சம். தண்ணீர் ஊற்றாமல் போனதோ என்று எத்தனையோ நாள் மனசு கஷ்டப்பட்டிருக்கிறேன். நிழல் வலைக்குள்ளேயே, வெறும் தென்னை நார்க்கழிவில் வளர்ந்த செடியைத் திடீரென்று நம்ம ஊர் சித்திரை வெயிலில், அதுவும் மாடிச் சூட்டில் கொண்டுபோய் வைத்தால் அது தாங்காது என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் கடையிலும் சொல்லவில்லை.

இங்கே முதல்முறை போனபோது நான் கேட்டதும் ரோஜாதான். அண்ணாச்சி செடியைக் காட்டவே இல்லை. "தங்கச்சி, செடி இருக்கட்டும். ஒங்க வீட்டு வாசல் எங்கன பாத்திருக்கு? வெயிலு எத்தன மணிக்கு வருது, எப்பம் போவுது?" என்று கேட்டார். கிழக்குப் பார்த்த வீடு, பதினொரு மணிக்கு மேல் பக்கத்து வீட்டுச் சுவர் மறைக்கும், மாடியில் மட்டும் நாள் முழுக்க வெயில் என்றேன். "அப்பம் ரோஸ் மாடிக்குத்தான். இப்பம் வச்சீயன்னா நின்னுக்கிடாது, பத்து நாளு பூத்துட்டுக் கருகிரும். எனக்கு யாவாரந்தான், ஒங்களுக்குத் துட்டுல்லா போவும். புரட்டாசியில வாங்க" என்று சொல்லிவிட்டு, பத்து ரூபாய்க்கு டேபிள் ரோஸும் ஒரு வெள்ளை அரளியும் கொடுத்து அனுப்பினார். வாங்க வந்த பொருளை இப்போது வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த டேபிள் ரோஸ் ஒரு பை செடிதான். ஒரு குச்சியைக் கிள்ளி ஈர மண்ணில் குத்தினால் போதும், வேர் விட்டுவிடுகிறது. இப்போது மாடிக் கைப்பிடிச் சுவர் நெடுக ஒன்பது தொட்டி இருக்கிறது. காலை வெயில் ஏற ஏற விரிந்து, மதியத்துக்கு மேல் சுருங்கிக்கொள்ளும். வெயில் அடிக்க அடிக்கத்தான் அதற்குச் சந்தோஷம். செடி வளர்த்துப் பழக்கம் இல்லாதவர்கள் இதிலிருந்து தொடங்குங்கள் என்று நானும் இப்போது எல்லாரிடமும் சொல்கிறேன்.

புரட்டாசியில் போய் வாங்கியதுதான் பிச்சி. மதுரை, சென்னைப் பக்கம் ஜாதிமல்லி என்பார்கள், நமக்குப் பிச்சி. 60 ரூபாய். பையில் ஒரு முழ உயரம், பூவோ மொட்டோ ஒன்றுகூட இல்லை. பூ இருக்கிற செடியாகக் கொடுங்கள் என்று கேட்டதற்கு அண்ணாச்சி பையின் அடியைத் தூக்கிக் காட்டினார். ஓட்டை வழியாக இரண்டு மூன்று வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. அதுதான் பார்க்க வேண்டியது, பூவைப் பார்த்து வாங்காதீர்கள் என்றார். வேரே தெரியாவிட்டால் குச்சியை இப்போதுதான் நட்டிருக்கிறார்கள், பையைச் சுற்றிக் கயிறு மாதிரி வேர் சுருண்டிருந்தால் ரொம்ப நாளாக அதே பையில் கிடந்திருக்கிறது, இரண்டும் வேண்டாம். இந்த ஒரு பாடத்துக்கே அங்கே போகலாம்.

வாசல் ஓரத்தில் ஒன்றரை அடிக்குக் குழி தோண்டி வைத்தேன். அடுத்த வைகாசியில் முதல் மொட்டு. பிச்சி மொட்டைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? குச்சி மாதிரி மெல்லிசாக, வெள்ளைதான், ஆனால் வெளிப்புறத்தில் ஒரு பக்கம் மட்டும் லேசான ரோஜா நிறம் ஓடியிருக்கும். சாயங்காலம் நாலரை மணிக்குப் பறித்து, நனைத்த வாழை நாரில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வைத்துக் கட்டி, விளக்கேற்றும் நேரத்தில் சாமி படத்துக்குப் போட்டால், ஏழு மணிக்குள் படத்திலேயே விரிந்து நடு வீடு வரைக்கும் மணக்கும். முதல் நாள் வெறும் பதினோரு மொட்டு. அம்மா அதையும் விடாமல் கட்டி, பேத்தி சடையில் வைத்துவிட்டார்கள். தை மாசம் முகூர்த்த நாளில் மல்லிகை கிலோ ஆயிரக்கணக்கில் விற்கிறது, நம்ம வீட்டுக் கொடியும் அந்தக் குளிரில் பூக்காது என்பது உண்மைதான். ஆனால் வைகாசி தொட்டு ஐப்பசி வரைக்கும் நான் முழக் கணக்கில் பூ வாங்கியே இரண்டு வருடம் ஆகிறது.

குண்டுமல்லியும் அங்கேதான் வாங்கினேன். நிறையப் பேர் வந்து மதுரை மல்லி இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அந்தப் பெயருக்கு ஒரு மவுசு. அண்ணாச்சி பொய் சொல்லி விற்பதில்லை. நாற்று ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்திலிருந்து வருகிறது, அது குண்டுமல்லி, மதுரைக்காரர்களும் அதே நாற்றைத்தான் கொண்டுபோய் நடுகிறார்கள் என்று விவரமாகச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறார்.

மல்லிகை விஷயத்தில் கேட்க வேண்டிய ஆள் மதினி, அண்ணாச்சியின் வீட்டுக்காரி. கார்த்திகையில் மழை ஓய்ந்த பிறகு ஒருநாள் போயிருந்தேன். என் மல்லிகை தழையாக வளர்ந்து நிற்கிறது, பூ இல்லை என்றேன். மதினி கத்தரியை எடுத்து அங்கே நின்ற ஒரு செடியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மீதியை அப்படியே வெட்டித் தள்ளினார்கள், மிச்சம் இருந்த இலையையும் கையாலேயே உருவிவிட்டார்கள். "பாக்கதுக்குப் பாவமாத்தான் இருக்கும் தங்கச்சி. கவாத்து பண்ணாம விட்டீயன்னா தழைதான் வரும். புதுக் கொழுந்துலதான மொட்டு வைக்கும்?" வெட்டிய பிறகு ஒரு வாரம் தண்ணீரைக் குறைக்க வேண்டும், அப்புறம் தூரைச் சுற்றிக் கொத்திவிட்டு இரண்டு கை தொழு உரம், ஒரு கை வேப்பம் பிண்ணாக்கு. நான் அப்படியே செய்தேன், மாசி கடைசியில் கொழுந்து நுனியெல்லாம் மொட்டு. பிச்சியை மட்டும் மார்கழியில், இன்னும் கொஞ்சம் உயரம் விட்டு வெட்ட வேண்டும்.

புழுவைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுத்ததும் மதினிதான். பூக்காமலே சில மொட்டு ஊதா நிறமாக மாறுகிறது என்று ஒரு கை மொட்டைக் கவரில் போட்டுக் கொண்டுபோனேன். ஒரு மொட்டை எடுத்து நகத்தால் பிளந்து என் உள்ளங்கையில் வைத்தார்கள். பச்சையாக, கறுப்புத் தலையோடு, அரை அரிசி நீளத்துக்கு ஒரு புழு நெளிந்தது. மொட்டின் மேல் ஊசி குத்தின மாதிரி ஓட்டை, பக்கத்து மொட்டோடு நூல் கட்டி ஒட்டியிருக்கும், அதுதான் மொட்டுப்புழு. அந்த மொட்டுகளைப் பறித்துக் குப்பையில் போடாமல் எரித்துவிட வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், சாயங்காலம் வெயில் இறங்கின பிறகு தெளிக்க வேண்டும். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகிவிடும். என்னிடம் மருந்து விற்கப் பார்க்கவில்லை, வேப்ப எண்ணெயை நாட்டு மருந்துக் கடையிலேயே வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். செம்பருத்தியில் வெள்ளையாக அப்பும் மாவுப்பூச்சிக்கும் இதே தண்ணீர்தான், ஆனால் அதற்கு முன்னால் டியூபில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிட வேண்டும்.

கனகாம்பரம் 25 ரூபாய். வாசலில் பதினொரு மணிக்கு மேல் நிழல் விழும் இடத்துக்கு அதைத்தான் கொடுத்தார்கள், அரை நிழலிலும் சளைக்காமல் பூக்கிறது. மணம் கிடையாது, ஆனால் கட்டி வைத்தால் மறுநாளும் வாடாது. காய்ந்த கதிரில் இருக்கும் விதைக் காயைப் பறித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும். என் மகள் மழை பெய்யும் போதெல்லாம் அந்தச் செடி முன்னால் போய் உட்கார்ந்து கொள்கிறாள். வேரில் நூற்புழு விழுந்தால் கனகாம்பரம் சோர்ந்து போகும், அதற்காக ஊடே கேந்தி, அதாவது துலுக்கச் சாமந்தி, நடச் சொன்னார்கள். கேந்தி வேரில் இருக்கும் சத்து நூற்புழுவை அண்ட விடாது. ஆரஞ்சும் மஞ்சளும் கலந்து வாசல் பார்க்கவும் அழகாகத்தான் இருக்கிறது.

சரி, போன இரண்டு செடிக்கு வருகிறேன். 2023 டிசம்பர் 17, 18 மழையை நம்ம மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். மாடியில் தொட்டிகளைத் தளத்தில் அப்படியே வைத்திருந்தேன், அடி ஓட்டையை மண் அடைத்துக்கொண்டு நாலு நாள் தண்ணீர் கட்டிக் கிடந்திருக்கிறது. ஒரு பன்னீர் ரோஸும் செவ்வந்தியும் வேர் அழுகிப் போய்விட்டன. அதற்கப்புறம் அண்ணாச்சி சொன்னபடி ஓட்டையின் மேல் ஒரு ஓட்டுச் சில்லைக் கவிழ்த்து வைத்துத்தான் மண் போடுகிறேன், தொட்டிக்குக் கீழே இரண்டு செங்கல். மண் கலவை இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய தொழு உரம். தென்னை நார்க்கழிவு சேர்ப்பதானால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுச் சேருங்கள், அதில் உப்பு இருக்கும். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற வீடுகளில் தொட்டி ஓரம் வெள்ளை வெள்ளையாகப் படியும், அப்படி இருந்தால் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து மாதம் ஒருமுறையாவது நன்றாக வடிய வடிய ஊற்றுங்கள். ஆடிக் காற்றுக் காலத்தில் மட்டும் மாடித் தொட்டிக்குக் காலையும் மாலையும் தண்ணீர் வேண்டும், வெயிலை விட அந்தக் காற்றுதான் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது.

குறையும் இருக்கிறது. எந்தச் செடியிலும் பெயர், நிறம் எழுதி வைப்பதில்லை. சிவப்பு பட்டன் ரோஸ் என்று கொடுத்தது வீட்டில் வந்து வெளிர் ரோஜா நிறத்தில் பூத்தது. சொன்னபோது மறு பேச்சில்லாமல் வேறு செடி கொடுத்தார்கள், இருந்தாலும் நிறம் முக்கியம் என்பவர்கள் ரோஜாவை மட்டும் பூவோடு பார்த்தே வாங்குங்கள். ஒட்டு ரோஜா வாங்கினால் ஒட்டுக்குக் கீழேயிருந்து வருகிற தளிரைக் கண்டதும் கிள்ளிவிட வேண்டும், விட்டால் அதுதான் வளரும், மேலே உள்ள நல்ல ரோஜா போய்விடும். இதையும் அவர்கள் எல்லாரிடமும் சொல்வதில்லை, நான் கேட்டதால் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அண்ணாச்சிக்குப் பேச நேரம் இருக்காது, வார நாளில் காலை எட்டு மணிக்குப் போனால் நிதானமாகச் சொல்வார். வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் வசதி கிடையாது. அங்கே விற்கும் பிளாஸ்டிக் தொட்டி ரொம்ப லேசு, ஒரு கோடையிலேயே விளிம்பு பொடிந்துவிட்டது. தொட்டிக்கு அதே ரோட்டில் பத்தமடை, சேரன்மகாதேவி தாண்டிக் காருக்குறிச்சிக்குப் போய்விடுங்கள். மண்பாண்டத்துக்குப் பேர் போன ஊர், மண்தொட்டி வழியாக ஈரம் கசிவதால் வேர்ப்பக்கம் சூடு ஏறாது.

போவதானால் புரட்டாசி முதல் வாரம் போங்கள், ஐப்பசி மழைக்குள் செடி வேர் பிடித்துவிடும். போகும்போது உங்கள் வீட்டில் எந்தப் பக்கம் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று ஒருநாள் பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள், அண்ணாச்சி முதலில் அதைத்தான் கேட்பார். நான் அடுத்த வாரம் பவளமல்லி எடுக்கப் போகிறேன். மாடிப்படி ஓரத்தில் அதற்கு இடம் ஒதுக்கி வைத்தாகிவிட்டது, விடியற்காலையில் உதிரும் பூவைப் பொறுக்க அம்மா இப்போதே ஒரு ஓலைக் கொட்டானைத் துடைத்து எடுத்து வைத்திருக்கிறார்கள்.