காது குத்தாதவர்களுக்கும் ஜிமிக்கி

சிங்கப்பூரில் இருக்கும் ஜப்பானியக் குடும்பங்கள் கூடி நடத்தும் சின்னச் சந்தை அது. இருபது மேசைகூட இருக்காது. போன மாதம் ஒரு மேசை எடுத்து என் மணி ஜிமிக்கிகளை விற்றேன். வாடகை 60 வெள்ளி, காலை 10 முதல் மாலை 4 வரை. நகை செய்கிற நம் பெண்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் கொக்கி வைத்ததை மட்டும் கொண்டு போகாதீர்கள்.

நம் வீடுகளில் குழந்தையை மாமா மடியில் உட்கார வைத்துக் காது குத்திவிடுகிறோம். ஜப்பானியப் பெண்களில் குத்தாதவர்கள் நிறைய. அவர்கள் பேச்சில் 'பியாசு' என்றால் குத்திய காதுக்கு. 'இயரிங்கு' என்றால் காதைக் கவ்விப் பிடிக்கிற தோடு. இது தெரியாமல் அட்டையில் 'இயரிங்' என்று பெரிதாக எழுதி வைத்திருந்தேன். வந்தவர்கள் ஆசையாக எடுப்பார்கள், பின்பக்கம் திருப்பிக் கொக்கியைப் பார்ப்பார்கள், மெல்ல வைத்துவிடுவார்கள். முதல் ஒரு மணி நேரம் ஒன்றுகூட விற்கவில்லை.

பக்கத்து மேசைக்காரர் மிசுஹிகி, அதாவது முறுக்கிய காகித நூலில் முடிச்சுப் போட்டுத் தோடு செய்பவர். அவராகவே வந்து விளக்கி, திருகு வைத்த கவ்விகளை அடக்க விலைக்கே கொடுத்தார். 'நெஜிபானே' என்பார்களாம். அங்கேயே இடுக்கியை எடுத்து மாற்ற ஆரம்பித்தேன். ஜிமிக்கியைக் கொக்கியோடு இணைக்கும் சின்ன வளையத்தை இரு பக்கமும் இழுத்துப் பிரிக்கக் கூடாது. ஒரு முனையை முன்னும் மற்றதைப் பின்னுமாகத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் வட்டம் கெட்டுவிடும். மாலைக்குள் 11 ஜோடி போனது, அதில் 8 கவ்வி வைத்தவை.

நான் கோர்ப்பது ஹிரோஷிமாவில் மியுகி நிறுவனம் செய்கிற டெலிகா என்ற கண்ணாடி மணி, 1.6 மில்லிமீட்டர்தான். ஒரு பாட்டி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜிமிக்கியைக் கண்ணருகே பிடித்து, "டெலிகா?" என்றார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. குடை விளிம்பில் தொங்கும் முத்துகளை விரலால் ஆட்டி ஆட்டிப் பார்த்து இரண்டு ஜோடி வாங்கினார். ஜோடி 28 வெள்ளி; ஒருவரும் பேரம் பேசவில்லை. தீபாவளிச் சந்தையில் "ரெண்டு எடுத்தா எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேட்டே பழகிய காதுக்கு அது புதிது. காசைக் கையில் தராமல் தட்டில் வைக்கிறார்கள், அதனால் ஒரு சின்னத் தட்டு கொண்டு போங்கள்.

குறையும் உண்டு. விண்ணப்பம் முழுக்க ஜப்பானிய மொழியில். வெளிச்சமான இடம் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டேன், சரி என்றார்கள், தந்தது தூணுக்குப் பின்னால். மதியம் மழை இருட்டியதும் மணிகளின் பளபளப்பே செத்துப்போனது. மணி வேலைக்கு வெளிச்சம்தான் உயிர். இது ஏற்பாட்டாளர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

இருந்தாலும் அடுத்த சந்தைக்குப் பணம் கட்டிவிட்டேன். இப்போது குடையைச் சிறிதாக்கிக் கோர்க்கிறேன். அன்று ஓர் அம்மா வாங்கிப் போன அரை மணியில் திரும்பி வந்து, சிவந்திருந்த காது மடலைக் காட்டினார். திருகைத் தளர்த்திப் பார்த்தேன்; பாரத்தில் ஜிமிக்கி நழுவியது. பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். வேண்டாம், லேசாக ஒன்று செய்து வையுங்கள், வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.