பழைய குடும்பப் படமும் ஒரு மதுரை ஸ்டூடியோவின் சீரமைப்புச் சேவையும்

எங்கள் அப்பத்தா வீட்டுக் கூடத்தில் எண்பது ஆண்டுகளுக்கு மேல் தொங்கிய குழுப்படம் ஒன்றைக் கடந்த பங்குனி மாதம் மதுரையில், மாசி வீதிகளை ஒட்டியிருக்கும் ஒரு பழைய ஸ்டூடியோவில் சீரமைக்கக் கொடுத்தேன். படத்தில் ஒன்பது பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் கைப்பிடிக் கம்பியும் அதில் மாட்டிய உயிர்காப்பு மிதவை வளையமும் தெரிகின்றன. ரங்கூனுக்குக் கப்பலேறும்போது சென்னைத் துறைமுகத்தில் எடுத்தது என்று வீட்டில் சொல்வார்கள். அதற்கு மேல் எவருக்கும் எதுவும் தெரியாது. யார் யார் இருக்கிறார்கள், எந்த இடம் என்று கண்டுபிடிப்பதற்காகவே நான் கடைக்குப் போனேன். அதை வாயால் சொன்னேனே தவிர எழுதிக் கொடுக்கவில்லை.

முதலில் கடையின் கைத்திறனைச் சொல்ல வேண்டும். பழைய சட்டங்களில் மழைக்கால ஈரத்தால் படத்தின் மேற்பூச்சு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிடும். அவசரப்பட்டு இழுத்தால் முகமே கண்ணாடியில் தங்கிவிடும். எங்கள் படத்தின் வலது மூலை அப்படி ஒட்டியிருந்தது. கடைப் பெரியவர் அதைப் பிரிக்க மறுத்து, பின்பலகையை மட்டும் கழற்றி, ராமபாணப் பூச்சி அரித்த தூளைத் தூரிகையால் தட்டிவிட்டு, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்தார். அச்சுத்தாளில் உள்ள வெள்ளி ஓரங்களில் மேலேறி நீலமாக மினுங்கிய பகுதி ஸ்கேனரில் வெளிறிப்போனதால், அந்த இடத்தை மட்டும் விளக்குகளுக்கும் லென்ஸுக்கும் மினுக்கத்தைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டி வைத்து கேமராவில் தனியாக எடுத்துத் தந்தார். இதற்கெல்லாம் அவர் வாங்கியது 350 ரூபாய்தான்.

குறை வரவேற்பு மேசையிலேயே தொடங்கியது. ரசீது எழுதிய பையன் நல்லெண்ணத்தோடு ஈரத்துணியால் கண்ணாடியைப் பளிச்சென்று துடைத்துவிட்டான். கண்ணாடியின் மேல் இரண்டு தலைகளுக்கு நேராகக் காய்ந்த சந்தனமும் குங்குமமும் இருந்தன. இறந்தவர்களின் படத்துக்கு அப்பத்தா வைத்த பொட்டு அவை. அவர் 1971இல் காலமான பிறகு யாரும் புதிதாக வைக்கவில்லை. ஆகவே பொட்டு இருந்த இருவரும் அப்பத்தா உயிரோடு இருந்தபோதே இறந்துபோனவர்கள். வீட்டை விட்டுக் கிளம்புமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தேனோ, பிழைத்தேன்.

இரண்டாவது குறை பெரிது. பத்து நாளில் தருவதாகச் சொல்லி மூன்று வாரம் கழித்து, 1,800 ரூபாய்க்குக் கிடைத்த 'சீரமைத்த' பிரதியில் கீறல் இல்லை, கறை இல்லை, எங்கள் குடும்பமும் இல்லை. செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் போட்டு எடுத்திருக்கிறார்கள். மங்கிய முகத்தில் இல்லாத விவரத்தை அந்த மென்பொருள் தான் பழகிய வேறு முகங்களிலிருந்து ஊகித்து நிரப்புகிறது. தண்டட்டி தொங்கிய நீண்ட காதுமடல் சுருங்கி, அதில் ஜிமிக்கி மாதிரி ஏதோ ஒன்று ஏறியிருக்கிறது. மூடிய வாயில் பல்வரிசை தெரிகிறது. மிதவை வளையத்தில் இருந்த எழுத்துகளைக் கீறல் என்று எண்ணி வழித்துவிட்டிருக்கிறது.

நல்லவேளையாக, கை வைக்காத ஸ்கேன் கோப்பையும் கேட்டு வாங்கியிருந்தேன். அங்குலத்துக்கு 300 புள்ளி என்பதே கடையின் வழக்கம். நான் வற்புறுத்தியதால் 1,200 புள்ளியில் எடுத்தார்கள். அச்சில் ஐந்து மில்லிமீட்டர் உயரமுள்ள முகம் 300 புள்ளியில் ஏறத்தாழ 59 பிக்சல்தான் வரும். 1,200இல் 236 பிக்சல். எங்கள் படம் ஹாஃப் பிளேட் என்ற அளவிலான கண்ணாடி நெகட்டிவின் மேல் தாளை நேராகப் பதித்து எடுத்தது, பெருக்கி எடுத்ததன்று. அதனால் தாளிலேயே நுணுக்கம் நிறைய இருந்தது.

பெருக்கிப் பார்த்தபோது வளையத்தில் கடைசி மூன்று ஆங்கில எழுத்துகள் தெரிந்தன: டபிள்யூ, ஐ, என். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பல்களில் ஒன்றின் பெயர் இர்வின், மற்றொன்று கோஷன். எழும்பூரிலிருந்து போட் மெயில் ரயிலில் வந்து, 1914இல் திறந்த பாம்பன் பாலத்தைக் கடந்து, தனுஷ்கோடியில் கப்பலேறி இலங்கைக்குப் போனவர்களின் கப்பல்கள் அவை. அந்தக் கப்பலுக்குப் பெயர் தந்த இர்வின் பிரபு வைஸ்ராய் ஆனதே 1926இல் என்பதால் படம் அதற்கு முந்தியதாக இருக்க வழியில்லை. ரங்கூன் கதையும் சென்னைத் துறைமுகமும் அத்தோடு முடிந்தன. அந்தத் தனுஷ்கோடியும் 1964 டிசம்பர் புயலோடு போய்விட்டது.

இரண்டு பிரதிகளையும் எடுத்துக்கொண்டு, 1937இல் பிறந்த பெரிய அத்தையைப் பார்க்கப் போனேன். சீரமைத்த பிரதியை நீட்டியதும், "இவுக யாரு? சினிமாக்காரவுக மாதிரி இருக்காக" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சீரமைக்காத பிரதியைப் பெரிதாக அச்சிட்டுக் காட்டியபோது முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தார். இடது சுண்டுவிரல் வளைந்திருந்த பெண்ணைக் காட்டி, "எங்க பெரியம்மா. உலக்கையில விரல் மாட்டிக்கிருச்சு" என்றார். பொட்டு வைத்த இருவரில் ஒருவர் என் தாத்தா, இன்னொருவர் அவருடைய அண்ணன். அவர் கொழும்பில் கடை வைத்திருந்தாராம். மடியில் இருக்கும் குழந்தை தானே என்று அம்மா சொல்லிக் கேட்டிருப்பதாகவும் அத்தை சொன்னார். குழந்தைக்கு ஒரு வயதுக்கு மேல் இராது; ஆகவே படம் 1938ஐ ஒட்டியது. ஒன்பதில் ஏழு பேருக்குப் பெயர் கிடைத்தது.

ஆகவே இந்தக் கடைக்கு நான் ஸ்கேன் வேலைக்கு முழு மதிப்பெண் தருவேன். சீரமைப்புக்கு, கூடத்தில் மாட்ட ஓர் அழகான படம் போதும் என்பவர்கள் தாராளமாகப் போகலாம். அடையாளம் தேடிப் போகிறவர்கள் ஸ்கேனோடு நிறுத்திக்கொள்வது நல்லது. படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், கேட்டால்தான் செய்கிறார்கள். எங்கள் அட்டையின் பின்னால் ஒன்றும் இல்லை, ஆனாலும் பார்த்தாயிற்று.

அத்தை தன் பெட்டியிலிருந்து இன்னொரு படம் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதையும் அதே பெரியவரிடம்தான் கொடுக்கப்போகிறேன். "துடைக்க வேண்டாம், திருத்த வேண்டாம்" என்று ஒரு துண்டுச்சீட்டு எழுதிச் சட்டத்தின் பின்னால் இப்போதே ஒட்டிவிட்டேன்.